தமிழ் நிரல்மொழிக்கு ஆபரேட்டர்: எங்கே சொல், எங்கே குறி

தமிழ்ச் சொற்களில் நிரல் எழுத ஒரு மொழியை வடிவமைக்கிறீர்கள்; அதில் ஆபரேட்டர் (மதிப்புகளைக் கூட்ட, ஒப்பிட, இணைக்க உதவும் குறி அல்லது சொல்) எப்படி இருக்க வேண்டும்? ராணிப்பேட்டைத் தோல் கிடங்கில் தள்ளுபடி விதியை எழுதப்போவது கணக்கரா, காட்பாடி கல்லூரியில் சி நிரல்மொழி படித்த பையனா? முதலில் அதை முடிவு செய்யுங்கள். கணக்கர் என்றால் இப்படி இருக்கட்டும்:

சதுரஅடி > 500 அல்லது (பாக்கி == 0 மற்றும் தரம் < 3)

கணக்கு, ஒப்பீடு இரண்டுக்கும் குறி போதும், பள்ளிக்கூடத்திலேயே பழகியது (== மட்டும் புதிது: 'சமமா?' என்று கேட்கும்; ஒற்றை = மதிப்பை மாறியில் போடும்). தருக்கத்துக்கு 'மற்றும்', 'அல்லது', 'அல்ல' போன்ற சொல். ஒரே வேலைக்கு இரண்டையும் வைக்காதீர்கள். ரூபி என்ற நிரல்மொழியில் && உண்டு, அதே பொருளில் 'ஆண்ட்' (and, 'மற்றும்') என்ற சொல்லும் உண்டு; ஆனால் சொல்லின் முன்னுரிமை (எது முதலில் கணக்கிடப்படும் என்ற வரிசை) = குறியைவிடக் கீழே. அதனால் 'அ = சரி ஆண்ட் தவறு' என்று எழுதினால் அ-வில் 'சரி'தான் போய் உட்காரும். சி-யிலும் ஒரு பழைய வினை: && பின்னால் வந்தது, அதற்கு முன் ஒற்றைக் குறியே அந்த வேலையும் செய்தது; பழைய நிரல் உடையக்கூடாதென்று &-ஐ ==-க்குக் கீழேயே விட்டுவிட்டார்கள். அ & 4 == 0 என்றால் 4 == 0 முதலில் ஓடும்.

முன்னுரிமை, மேலிருந்து கீழே: பெருக்கல்-வகுத்தல், கூட்டல்-கழித்தல், ஒப்பீடு, மறுப்பு, மற்றும், அல்லது, கடைசியாக =.

மறுப்புதான் தொல்லை. தமிழில் அது பின்னால் வரும்: 'பாக்கி == 0 அல்ல'. ஆனால் 'தரம் < 3 அல்லது பாக்கி == 0 அல்ல' என்றால் எது மறுக்கப்படுகிறது? படிப்பவருக்குக் குழப்பம். அடைப்புக்குறியைக் கட்டாயமாக்குங்கள்: '(பாக்கி == 0) அல்ல'. 'அல்ல'வும் 'அல்லது'வும் ஒரே தொடக்கம் என்பதால் லெக்ஸர் (நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) நீளமான சொல்லையே முதலில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'து' தனியாகத் தொங்கும்.

லெக்ஸரைப் பைத்தான் மொழியில் எழுதினால், அதன் ரெஜெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் கருவி) சொல்லெழுத்துக்கான \w குறியீட்டை அப்படியே நம்பாதீர்கள். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அது எழுத்தாக எண்ணாது. 'அல்லது' 'அல' என்பதோடு முறியும். யூனிகோடில் (எழுத்துகளுக்கு எண் தரும் தரம்) தமிழின் வரம்பை நீங்களே கொடுங்கள்.

விசைப்பலகையையும் பாருங்கள். தமிழ்99-இல் ; விசையில் ந, [ விசையில் ச, / விசையில் ழ. வரி முடிவுக்கு ; கேட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும், அதனால் புதுவரியையே முடிவாக வையுங்கள். வகுத்தலுக்கு மட்டும் / இருக்கட்டும், அடிக்கடி வராது.

சோதனையில் 'மொத்தம்' என்ற மாறியை இரண்டு விதமாக உள்ளிடுங்கள்: 'ொ' ஒரே குறியாக, பிறகு 'ெ', 'ா' என இரண்டாக. திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மொழி இரண்டு மாறிகளாக எடுத்தால், லெக்ஸருக்கு முன்னால் யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) விடுபட்டிருக்கிறது.