மீட்டர் 12 காட்டும், ஸ்பீக்கர் உறுமும்: சின்ன பவர் சப்ளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயோடைத் திருப்பிப் போடுவது, எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் பிளஸ் மைனஸ் மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை புகையாகவோ 'டப்' சத்தமாகவோ தாமே வந்து சொல்லிவிடும். மேசையில் எல்லாம் சரி என்று காட்டிவிட்டு, பெட்டியை மூடியபின் கழுத்தறுக்கும் தவறுகளைப் பார்ப்போம். எடுத்துக்கொள்வது பழைய வழி: 230 வோல்ட் லைன், ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு), கெபாசிட்டர், மூன்று கால் ரெகுலேட்டர் (வெளியீட்டை ஒரே வோல்டேஜில் நிறுத்தும் ஐசி). தேவை 12 வோல்ட், அரை ஆம்ப்.

12 வோல்ட் வேண்டும், அதனால் 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத தவறு இது. 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர், 7812 (12 வோல்ட் தரும் ரெகுலேட்டர்). லோடு (கரண்ட் இழுக்கும் கருவி) இல்லாமல் மீட்டர் வைத்தால் 12.0. ஆம்ப்ளிஃபயரை மாட்டி வால்யூமைக் கூட்டினால் உறுமல். உடனே ஷீல்டு வயர் மாற்றுவார்கள், ஆம்ப் ஐசியை மாற்றுவார்கள், 'டூப்ளிகேட் ஐசி' என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். கோளாறு அங்கே எதிலும் இல்லை.

கணக்கைப் போடுங்கள். 12 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு அளவு). அதன் உச்சி 17. பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டயோடு வழியாகக் கரண்ட் போகிறது. கெபாசிட்டர் சார்ஜ் ஆகும் அந்தச் சில நொடித்துளியில் கரண்ட் பல மடங்கு ஏறுவதால், டயோடுக்கு 0.7 போதாது, 1 வோல்ட் வையுங்கள். மிச்சம் 15. அடுத்த உச்சி வரும்வரை சுமார் 8 மில்லிசெகண்டுக்கு லோடைத் தாங்குவது கெபாசிட்டர் மட்டும். அரை ஆம்பை 8 மில்லிசெகண்டால் பெருக்கி 1000 மைக்ரோஃபேரடால் வகுத்தால் 4 வோல்ட். ஆக, 15-லிருந்து 11-க்கு இறங்குகிறது. 7812 வேலை செய்ய உள்ளே 14 வேண்டும், ஏனென்றால் அது தனக்கென்று 2 வோல்ட் பிடித்துக்கொள்ளும். 14-க்குக் கீழே அது ரெகுலேட்டர் இல்லை. பள்ளத்தை அப்படியே வெளியே கடத்தும் ஒரு குழாய்தான். வெளியீடு நொடிக்கு 100 முறை 9 வோல்ட் பக்கம் விழுகிறது. மீட்டரோ சராசரியை எடுத்து 11 பக்கம் காட்டும். 'லோடு இருக்கிறது, கொஞ்சம் குறையத்தானே செய்யும்' என்று நம்பிவிடுகிறோம். குறையக் கூடாது என்பதற்காகத்தானே ரெகுலேட்டர் போட்டோம்?

இதுவும் லைன் சரியாக 230 இருந்தால். பத்து சதவீதம் குறைந்து 207-க்கு வந்தால் கெபாசிட்டரின் உச்சியே 13.3-தான். அப்போது 7812 ஒரு கணம்கூட ரெகுலேட் செய்வதில்லை. லேசான லோடில் பகலில் ஒழுங்காக இருந்த சப்ளை சாயங்காலம் உறுமுவதன் ரகசியம் இதுதான்.

சரியான தேர்வு 15 வோல்ட் செகண்டரி (ட்ரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுருள்), 2200 மைக்ரோஃபேரட். லைன் 207-க்கு இறங்கினாலும் உச்சி 17, பள்ளம் 15.3. தேவையான 14-க்கு மேலேயே நிற்கிறது. ஆனால் மறுமுனையையும் பார்க்க வேண்டும். பாதிக் கணக்கோடு நிறுத்துவது இன்னொரு கோளாறைத் தரும். லைன் 253-க்கு ஏறி, லோடும் இல்லை என்று வையுங்கள். சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்கள் லோடு இல்லாதபோது 20 சதவீதம் வரை அதிகம் கொடுக்கும். கெபாசிட்டரில் 26 வோல்ட் தாண்டும். அங்கே 25 வோல்ட் கெபாசிட்டர் ஆகாது, 35 போடுங்கள்.

ஆம்ப் கணக்கிலும் ஒரு பொறி. கெபாசிட்டர் துடிப்பு துடிப்பாகக் கரண்ட் இழுப்பதால், '1 ஆம்ப்' ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிட்ஜுக்குப் பின் தொடர்ச்சியாக எடுக்கத்தக்கது சுமார் 0.6 ஆம்ப் டிசி மட்டுமே. நமக்கு அரை ஆம்ப் வேண்டும், எனவே 1 ஆம்ப் வாங்குங்கள். அரை ஆம்ப் ட்ரான்ஸ்ஃபார்மர் சூடேறி வார்னிஷ் வாசனை வரும்.

ஸ்கோப் (அலைவடிவம் காட்டும் கருவி) இல்லாமல் சோதிக்க: வெளியீட்டில் 22 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டுங்கள் (கையில் தொடாதீர்கள், சுடும்). மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து, சிவப்பு வயரோடு 1 மைக்ரோஃபேரட் பாலியெஸ்டர் கெபாசிட்டரைத் தொடராகச் சேர்த்து வெளியீட்டை அளவிடுங்கள். மலிவு மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துப் படித்துக் குழப்பும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கெபாசிட்டர். சில மில்லிவோல்ட் என்றால் நல்லது. நூற்றுக்கணக்கில் ஓடினால் பள்ளம் கசிகிறது.

12-0-12-இன் இரு முனைகளையும் பிரிட்ஜில் கொடுப்பது

நடுவில் கிரவுண்ட் முனை உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் இது, இரு முனைகளுக்கும் இடையே 24 வோல்ட். லோடு இல்லாதபோது 40-ஐத் தொடும். 7812-இன் எல்லை 35.

ஹீட்சிங்க் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்'

மேலே சொன்ன சப்ளையில் லைன் உச்சத்தில் 7812 மீது 8.4 வோல்ட், அரை ஆம்ப்: 4.2 வாட். ஹீட்சிங்க் இல்லாமல் ஒரு வாட்டுக்கு 65 டிகிரி ஏறும், பெருக்கிப் பார்த்தால் 270-ஐத் தாண்டுகிறது. அதற்கு வெகு முன்பே ஐசி தானே அணைந்து, ஆறி, மறுபடி எழும். பெட்டிக்குள் 50 டிகிரி என்று வைத்தால் வாட்டுக்கு 12 டிகிரியோ அதற்குக் குறைவோ ஏறும் ஹீட்சிங்க் வேண்டும்.

78 வரிசையின் உலோக முதுகு கிரவுண்ட். 79 வரிசையில் (மைனஸ் வோல்டேஜ் ரெகுலேட்டர்) அது இன்புட், எல்எம்317-இல் (வோல்டேஜை மாற்றிக்கொள்ளக்கூடிய ரெகுலேட்டர்) அவுட்புட். ஒரே தகட்டில் இரண்டு வகையை மைக்கா (மின்காப்புத் தகடு) இல்லாமல் முடுக்கினால் ஷார்ட்.

கிரவுண்டை எங்கே எடுப்பது

பிரிட்ஜின் மைனஸுக்கும் கெபாசிட்டரின் மைனஸுக்கும் நடுவே உள்ள வயரில் சார்ஜிங் துடிப்பு பாய்கிறது. ரெகுலேட்டரின் கிரவுண்டை அந்த வயரில் எங்காவது ஒட்டினால், கணக்கெல்லாம் சரியாக இருந்தும் 100 ஹெர்ட்ஸ் வெளியே வரும். கெபாசிட்டரின் மைனஸ் காலிலிருந்தே எடுங்கள்.

எல்எம்317-இல் 240 ஓம்

எல்லாப் படத்திலும் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 240 இருக்கும், அதனால் எல்லோரும் போடுகிறார்கள். அதில் ஓடுவது 5 மில்லிஆம்ப். இந்த ஐசி சில சமயம் 10 மில்லிஆம்ப் வரை கேட்கும். கிடைக்காவிட்டால் லோடு இல்லாதபோது வெளியீடு தானாக ஏறும். 120 ஓம் போடுங்கள். அதோடு 1 கே பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்தால் 1.25-லிருந்து 11.7 வோல்ட் வரை கிடைக்கும். 120 ஓமின் மேல்முனை அவுட்புட் டெர்மினலுக்குப் போக வேண்டாம், ஐசியின் காலிலேயே பற்றவையுங்கள். நடுவிலுள்ள வயரில் விழும் வோல்டேஜை இந்த ரெசிஸ்டர் பல மடங்காக்கிக் காட்டும்.

'சுத்தமாக வரட்டும்' என்று வெளியீட்டில் 1000 மைக்ரோஃபேரட்

வேண்டாம். எல்இடியை நேராக மாட்டும் நொடியில் அதிலுள்ள சார்ஜ் முழுவதும் பாயும், ரெகுலேட்டரின் கரண்ட் லிமிட் அதைத் தடுக்காது. 7812-இன் இன்புட்டில் 0.33 மைக்ரோஃபேரட், அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபேரட், இரண்டும் கால்களுக்கு ஒட்டி. ரிப்பிளை (100 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கத்தை) குறைக்கும் இடம் ரெகுலேட்டருக்கு முன்னால்.

ஃப்யூஸ்

பிரைமரியில் (ட்ரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கம்). 160 மில்லிஆம்ப், ஸ்லோ ப்ளோ (கண நேரக் கரண்ட் எழுச்சியைத் தாங்கும் வகை).