ஒரு சொல்லின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது, என் தொழில். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்துக் கண் தேய்ந்ததில், சொற்களின் பூர்வீகம் தேடும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் எழுத்தைவிட அடித்தல் அதிகம்.

முதல் அடித்தல் 'கேஷ்'. நம் 'காசு'தான் ஆங்கிலத்துக்குப் போனது என்று பெருமையாக எழுதியிருந்தேன். பணத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய கணக்குகளில் சிறு நாணயத்துக்கு வழங்கிய கேஷ் மட்டுமே காசின் பிள்ளை. ஆகவே ஒலி ஒத்துப்போனால் தேடத் தொடங்குங்கள். தேடல் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

முதலில் சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். ட, ர, ல தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பிய விதி. டப்பா, ரசீது, லாந்தர் எல்லாம் வாசலிலேயே பிடிபட்டுவிடும். சில கெட்டிக்காரச் சொற்கள் அந்த எழுத்தை வெளியே கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரும். ஏலம் விடுகிறோமே, அந்த ஏலம் போர்த்துக்கீசியச் சொல். அங்கே லகரத்தில் தொடங்குகிறது. மலையாளத்தில் இன்றும் 'லேலம்', இந்தியில் 'நீலாம்'. பக்கத்து மொழிகளைக் கேட்காமல் இது தெரிந்திருக்காது. ஏலக்காயின் ஏலத்துக்கும் இதற்கும் உறவில்லை. 'ஏலக்காய் ஏலம்' என்று தலைப்பு வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அடுத்து, உடைத்துப் பாருங்கள். கட்டுமரம் தமிழில் கட்டு, மரம் என்று பொருளோடு பிரிகிறது. ஆங்கிலக் 'கேட்டமரான்' பிரியாது. எங்கே இயல்பாகப் பிரிகிறதோ அங்கே பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மெனக்கெட்டால் எந்தச் சொல்லையும் உடைத்துவிடலாம். துண்டுகளுக்கு உடைத்தவரே உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

பிறகு கூட்டாளிகளைத் தேடுங்கள். சொற்கள் தனியாக வருவது குறைவு. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி நான்குமே போர்த்துக்கீசியம்: சாவே, ஜனேலா, மேசா, அர்மாரியோ. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்கிய பிறகு வந்த வீட்டுச் சாமான்கள் இவை. வக்கீல், ஆஜர், ரத்து, நகல் என்று அரபு வழியில் வந்த கோர்ட்டுக் கச்சேரிக் கூட்டம் இன்னொன்று. சொல்லை வைத்தே யார் எதற்கு வந்தார்கள் என்று ஊகிக்கலாம்.

அதற்காக, சொல் இரவல் என்றால் அது குறிக்கும் பொருளும் இரவல் என்று பாய்ந்துவிடக் கூடாது. சிலப்பதிகாரத்தில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இத்தனை அழகான சொல்லை விட்டுவிட்டோம் என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

சந்தேகம் தீர, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டுங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம். இரவல் சொல் என்றால் மூலமொழியைச் சுருக்கக் குறியில் காட்டியிருப்பார்கள்.

பொருளைக் கடைசியில் பாருங்கள், அது ஊர் மாறினால் குணம் மாறும். சம்ஸ்கிருதத்தில் உலக வாழ்க்கையைக் குறித்த 'சம்சாரம்' தமிழில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. 'அவகாசம்' நமக்கு நேரம், மலையாளிக்கு உரிமை, இந்தியில் விடுமுறை.

நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் 'குடோன்'. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. நம் ஊர்ப்பக்கத்திலிருந்து மலாய்க்குப் போய் 'குடாங்' ஆகி, ஐரோப்பிய வணிகர் வாயில் 'கோடவுன்' ஆகி, திரும்ப நம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறது. மெய்ப்பில் குடோன் வந்தால் அடித்துவிட்டுக் கிடங்கு என்று எழுதுவது என் வழக்கமாக இருந்தது. இப்போதெல்லாம் அடிப்பதில்லை.