தவறுதலாகத் தள்ளுபடியான உரிமையியல் வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்க வைப்பது எப்படி?

வாய்தா (விசாரணைக்குக் குறித்த தேதி) இல்லாத ஒரு நாளில் வழக்கு அழைக்கப்பட்டு, வாதி ஆஜராகவில்லை என்று தள்ளுபடி செய்யப்படுவதும், முறையாகக் கட்டிய பேட்டா (அழைப்பாணையைச் சேர்ப்பிக்கக் கட்டும் கட்டணம்) கோப்பில் சேராததால் பேட்டா கட்டப்படவில்லை என்று தள்ளுபடியாவதும் இந்திய உரிமையியல் நீதிமன்றங்களில் நேரக்கூடியவையே. பிழை நீதிமன்றத்தினுடையது என்பதால் அதுவே திருத்திக்கொள்ளும் என்று வாதி காத்திருந்தால், காலக்கெடு அவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, தள்ளுபடி செய்த நாளில் கோப்பில் எழுதப்பட்ட உத்தரவின் வாசகம். எந்தக் காரணத்துக்காக, எந்த விதியின்கீழ் வழக்கு தள்ளுபடியாயிற்று என்பதைப் பொறுத்தே பரிகாரம் அமைகிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9-இல், பேட்டா கட்டாததால் பிரதிவாதிக்கு அழைப்பாணை சார்வு ஆகாதபோது (போய்ச் சேராதபோது) விதி 2-இன்படியும், இரு தரப்பினரும் வராதபோது விதி 3-இன்படியும் தள்ளுபடி நிகழ்கிறது. இவ்விரண்டுக்கும், தள்ளுபடியை நீக்கக் கோரி விதி 4-இன்கீழ் மனுச் செய்யலாம். வழக்குத் தொடரச் சட்டம் தரும் காலவரையறை கடக்காமலிருந்தால் புதிய வழக்கே தொடரலாம். பிரதிவாதி மட்டும் ஆஜராகி வாதி வராத நிலையில் விதி 8-இன்படி தள்ளுபடியானால், அதே வழக்கு மூலத்தின் (வழக்குத் தொடர உரிமை தரும் காரணத்தின்) மீது புதிய வழக்குப் போட விதி 9 தடை விதிக்கிறது. ஆகவே அங்கே பழைய வழக்கை மீட்பதே வழி.

சாட்சியங்களைக் கேட்டுத் தகுதியின் அடிப்படையில் வழக்கு தள்ளுபடியாகியிருந்தால், அதற்குப் பரிகாரம் மேல்முறையீடு. ஆவணத்தைப் பார்த்தவுடனே தெரியும் பிழையாயின் கட்டளை 47-இன்கீழ் மறு ஆய்வும் உண்டு. வழக்கு எண் மாறிப்போனது போன்ற வெறும் எழுத்துப் பிழை என்றால், அதைத் திருத்த அதே சட்டத்தின் பிரிவு 152 போதும்.

ஆஜராகாமைக்காகவோ பேட்டா கட்டாமைக்காகவோ தள்ளுபடியான வழக்கை மீட்க, 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 122-ஆவது இனம் தருவது தள்ளுபடி நாளிலிருந்து 30 நாட்கள். வாதிக்குச் செய்தி தெரிந்த நாள் இங்கே கணக்கில்லை. சான்றிட்ட நகல் பெறுவதற்கு ஆகும் நாட்களை மேல்முறையீட்டிலும் மறு ஆய்விலும் கழிப்பதைப் போல இம்மனுவில் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. எனவே நகலுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வருவதற்குக் காத்திராமல் மனுவைத் தாக்கல் செய்வதே பாதுகாப்பானது. கெடு கடந்துவிட்டிருந்தால், மீட்பு மனுவோடு அதே காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 5-இன்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்து, தாமதம் எப்படி நேர்ந்தது என்பதை நாள்வாரியாக விளக்க வேண்டும்.

மனுவின் உயிர் அதனுடன் இணைக்கும் பிரமாண வாக்குமூலத்தில் இருக்கிறது. பெரும்பாலான மீட்பு மனுக்கள் உடல்நலக் குறைவு என்ற ஒற்றை வரியோடு வருவதால், அதே வாசகத்தை இங்கும் பயன்படுத்துவது உண்மையான காரணத்தை மறைத்துவிடும். பிழை நீதிமன்றத்தில் நிகழ்ந்தது என்றால், அதை நீதிமன்றத்தின் ஆவணங்களைக் கொண்டே காட்ட வேண்டும்: முந்தைய வாய்தாவில் எழுதப்பட்ட அடுத்த தேதி, நீதிமன்ற நாட்குறிப்புப் பதிவின் நகல், நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்த வழக்குக்குக் காட்டப்பட்ட தேதி, பேட்டா கட்டிய ரசீது ஆகியவை எந்த மருத்துவச் சான்றிதழையும்விட வலுவானவை. ஊழியர் எவரையும் குறை கூறாமல், எந்தப் பதிவு எதனோடு முரண்படுகிறது என்று மட்டும் சொன்னால் போதும். வழக்கு விசாரணைக்கென்று குறிக்கப்படாத நாளில் தள்ளுபடியானது என்றால், கட்டளை 9-உடன் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கூறும் உரிமையியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 151-ஐயும் மனுவின் தலைப்பிலேயே குறிப்பிடுவது நல்லது. நீதிமன்ற அலுவலகம் கணக்கிட்டதில் ஒரு ரூபாய் குறைந்துபோன ஒரு வழக்கில், நீதிமன்றத்தின் செயலால் எந்த வழக்காடியும் பாதிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1963-இல் வகுத்த கோட்பாடு இத்தகைய மனுக்களுக்குப் பெருந்துணை.

விதி 9-இன்கீழான மனுவில் எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கொடுக்காமல் உத்தரவு பிறப்பிக்க முடியாது. ஆகவே பிழை எவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும் அன்றே தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. மனு அனுமதிக்கப்படும்போது செலவுத் தொகை கட்டுமாறு நிபந்தனை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிழை தம்முடையதல்ல என்று வாக்குமூலத்திலேயே நிறுவியிருந்தால், செலவுத் தொகை வேண்டாம் என்று வாதிட இடம் கிடைக்கும். ஆனால் விதிக்கப்பட்டால், குறித்த நாளுக்குள் கட்டத் தவறியதற்காகவே மனு தள்ளுபடியாகும் நிலைக்கு ஆளாகக் கூடாது.

விதி 9 மனு நிராகரிக்கப்பட்டால் கட்டளை 43 விதி 1(இ)-இன்கீழ் மேல்முறையீடு செய்யலாம். விதி 4 மனுவுக்கு அந்த வசதி இல்லாததால், உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுவே வழி. மனு வெற்றி பெற்றபின் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தள்ளுபடிக்கு முன் பெற்றிருந்த தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி, வழக்கு மீண்டதாலேயே தானாக உயிர் பெறாது என்று கட்டளை 38 விதி 11அ கூறுகிறது. ஆதலால் அதற்கென்று தனி மனுவை உடனே தாக்கல் செய்ய வேண்டும். இடைக்காலத் தடை உத்தரவு இருந்திருந்தால், அது தொடர்வதாக மீட்பு உத்தரவிலேயே எழுதுமாறு வேண்டிக்கொள்வது பிற்பாடு எழும் சச்சரவைத் தவிர்க்கும்.