பளபளப்பில் ஏமாறாதீர்கள்: கைவினை பைப்பைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகைப்பவரோ இல்லையோ, கையால் செய்த புகையிலை பைப்பை எடுத்ததும் பலர் பார்ப்பது மெருகைத்தான். அது நல்ல வேலைக்கு அத்தாட்சி ஆகாது. வார்னிஷுக்கு அடியில் பட்டி வைத்து அடைத்த குழிகள் இருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால், சாயம் சரியாக ஏறாத புள்ளிகளாக அவை தென்படும்.

அதற்காக, இயற்கையான சிறு புள்ளி தெரிந்தாலே ஒதுக்கிவிடக் கூடாது. இந்த பைப்புகளைச் செதுக்கும் மரமான பிரையர் என்பது மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் எரிகா அர்போரியா என்ற புதரின் அடியில் திரளும் முண்டு. மண்ணுக்குள் வளரும்போது சிறு கற்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே செதுக்க எடுக்கிறார்கள். பாதி வேலையில் குழி ஒன்று வெளிப்பட்டால், வடிவத்தையே மாற்றிக்கொள்கிற கைவினைஞர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மரத்தின் இழை நேர்கோடுகளாக ஓடும் ‘நேர் இழை’தான் உயர்ந்தது என்பதும் பாதி உண்மையே. அது அரிது, அதனால் விலை கூடுதல். ஆனால் வடிவம் இழையோடு ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். டென்மார்க்கில் சிக்ஸ்டன் இவார்சன் என்ற பைப் கைவினைஞர் முதலில் வடிவத்தைச் செதுக்கிவிட்டு அப்புறம் துளையிட்டது இதற்காகத்தான். மணல் வீசி முடித்த சொரசொரப்பான பைப்புகளையும் மட்டமாக நினைக்காதீர்கள். மென்மையான பகுதி தேய்ந்து, வளர்ச்சி வளையங்கள் மேலெழுந்து நிற்கும் அழகு தனி.

பெரிய தவறு, உள்ளே பார்க்காமல் விடுவது. புகைத்துளை, புகையிலை வைக்கும் கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில் வந்து சேர வேண்டும். சற்று மேலே திறந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கும். வாய்முனை வழியே துடைப்புக் கம்பியை விட்டுப் பாருங்கள், நேரான பைப்பில் தடங்கலின்றிக் கிண்ணம் வரை போக வேண்டும். கிண்ணத்திலிருந்து நீளும் மரத்தண்டும் வாயில் வைக்கும் குழலும் சேரும் இடத்தை நகத்தால் வருடுங்கள். படி தட்டக் கூடாது. பல்லில் கடிக்கும் முனை மெல்லியதாக, விளிம்பு உறுத்தாமல் இருக்க வேண்டும். செய்தவரின் பொறுமை தெரிவது இங்கேதான்.

கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான வல்கனைட்டில் செய்த பழைய குழல் பழுப்பேறியிருந்தால் மட்டமான பொருள் என்று முடிவு கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகமும் வெயிலும் செய்யும் வேலை அது. உப்புத்தாளால் முரட்டுத்தனமாகத் தேய்த்தால் கூர்மையான விளிம்புகளும் செய்தவரின் முத்திரையும் போய்விடும். சூடு ஆறும் முன் குழலைத் திருகிக் கழற்றவும் வேண்டாம், தண்டு விரிசல் விடலாம்.