ராத்திரி ரெண்டு மணிக்குத் திருட்டு அலாரம் அலறினால், பேனலை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

காசிமேட்டில் கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. ஒரு ஐப்பசி மழை ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அலற, மீன் ஏலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அண்ணன் கட்டையோடு ஓடி வந்துவிட்டார். திருடனும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த வாரமும் அதே கூத்து. சர்வீஸுக்கு வந்தவர் அலாரத்தின் மெயின் பெட்டியான பேனலைத் திறந்து பார்த்துவிட்டு, பேனல் போச்சு, புதுசு போடணும் என்றார். போகவில்லை. பரணுக்குக் கீழே ஒரு ஒயர் ஜாயின்ட் பச்சை பூத்துக் கிடந்தது, அவ்வளவுதான். கம்பி வைத்த பழைய மாதிரி அலாரமாக இருந்தால், வோல்ட், ஓம்ஸ் அளக்கிற ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு முக்கால்வாசிக் கோளாறை நீங்களே பிடித்துவிடலாம்.

முதலில் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சைரன் கத்தும். பெட்டிக்குள்ளே ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வருவது 230 வோல்ட், அதனால் எம்சிபியை இறக்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்கணும். அப்புறம் பேட்டரியின் ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றுங்கள், தெரியாமல் ரெண்டும் தொட்டுக்கொண்டால் பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது சிவப்பு, கறுப்பு மாறினால் ஃப்யூஸ் போய்விடும்.

பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்படணும். பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் சீல் பேட்டரி இருக்கும். மூணு, நாலு வருஷம் வந்தால் நல்ல வரவு, மொட்டை மாடிப் படிக்கட்டுப் பக்கம் வெக்கையில் மாட்டியிருந்தால் அதுவும் வராது. பேட்டரி ஒயர் கழன்றிருக்கும்போதே கரன்டைப் போட்டு, அந்த ஒயர் முனைகளில் அளந்தால் பொதுவாக 13.5 முதல் 13.8 வோல்ட் வரை வரணும் (சில பேனல் பேட்டரி இல்லாமல் சார்ஜ் வோல்டேஜ் தராது, அதில் மட்டும் மாட்டிவிட்டு அளக்கணும்). வந்தால் சார்ஜர் நன்றாக இருக்கிறது. பேட்டரியை மாட்டி, சார்ஜ் ஏறவிட்டு, கரன்டை அணைத்து அரைமணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு சைரனைக் கத்தவிட்டுப் பேட்டரியை அளந்தால் 11-க்குக் கீழே சடாரென்று விழுகிறதா, யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கரன்ட் போய் வரும்போதெல்லாம் சும்மா கத்துகிற அலாரத்துக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

பேட்டரி சரி என்றால் கோளாறு பேனலிலா, வெளியே போகிற ஒயரிலா என்று பிரித்துவிடணும். இதுதான் முக்கியமான வேலை, இதைச் செய்யாமல்தான் நிறைய பேர் நல்ல பேனலைத் தூக்கிப் போடுகிறார்கள். கீபேடில் எந்த ஜோன் (ஒரே ஒயரில் வருகிற சென்சார்களின் கூட்டம்) தகராறு செய்கிறது என்று பார்த்து, அந்த ஜோனின் ரெண்டு ஒயரையும் பேனலிலிருந்து கழற்றி, அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை நேரடியாக முறுக்குங்கள். ஜோனின் கடைசி சென்சாரில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதே மதிப்பு வேண்டும். 2.2கே, 4.7கே, 5.6கே என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலில் இருக்கும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஜோன் அமைதியாகிவிட்டால் பேனல் மேல் தப்பே இல்லை. கழற்றிய ஒயரில் கதவையெல்லாம் மூடிவைத்து ஓம்ஸ் அளந்தால், ரெசிஸ்டர் மதிப்பே வரணும். எதுவும் காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, பரணில் எலி கடித்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். ஆனால் ஒன்று, சிலர் சோம்பல்பட்டு ரெசிஸ்டரைக் கடைசி சென்சாரில் வைக்காமல் பேனல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்படியானால் ஒயர் பூஜ்யம் காட்டுவதுதான் சரி, ஒயர் நடுவில் ஷார்ட் ஆனாலும் பேனலுக்குத் தெரியவே தெரியாது. அதைக் கடைசி சென்சாருக்கு மாற்றிவிடுங்கள்.

ஒயர் என்று முடிவானால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரம் இருக்கிறவர்கள் நேராக ஜாயின்ட்டுக்குப் போங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் உப்புக் காற்றில் ரெண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிசு. வெயிலடித்தால் ஒழுங்காக இருக்கும், ஈரம் ஏறினால் கத்தும், நீங்கள் போய்ப் பார்க்கும்போது மறுபடி ஒழுங்காக இருக்கும். மீட்டரை மாட்டிவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாக ஆட்டிப் பாருங்கள், எண் குதிக்கிற இடம்தான் குற்றவாளி. பச்சை பூத்த கம்பியை வெட்டிவிட்டு, பளபளவென்று வருகிற வரை சுரண்டி, சோல்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். வெளிச்சுவரில் இருக்கிற சைரன் பெட்டியையும் திறந்து பாருங்கள், உள்ளே டேம்பர் சுவிட்ச் (யாராவது மூடியைத் திறந்தால் காட்டிக்கொடுக்கிற சுவிட்ச்) துருப்பிடித்தாலும் அலாரம் கத்தும்.

அடுத்து கதவு. இரும்பு கிரில் கேட்டில் சாதாரண மேக்னெட் சென்சாரை ஒட்டினால் இரும்பே காந்தத்தின் பலத்தை இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் கேட் தொங்கினாலே திறந்திருக்கிறதாக நினைத்துவிடும். நடுவில் பிளாஸ்டிக் துண்டு கொடுங்கள், இல்லை ஷட்டருக்கு வருகிற பெரிய சென்சாரைப் போடுங்கள். மரக்கதவு மழையில் உப்பி இடைவெளி கூடுவதும் உண்டு.

ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சாருக்கு எதிரி பல்லி. சென்சாரின் முன்பக்க லென்ஸ் மேல் ஊர்ந்தாலே போதும். ஒயர் வருகிற ஓட்டையை சிலிகான் வைத்து அடைத்தால் உள்ளே போகாது. அந்த சென்சாரின் ரெண்டு பவர் முனையிலும் அளந்து பாருங்கள், ரொம்ப தூரம் மெல்லிய ஒயரில் போயிருந்தால் 12 கிளம்பி 9-க்குக் கீழே போய்ச் சேரும், அப்போது கண்டபடி உளறும்.

தினமும் ஒரே நேரத்துக்குக் கத்துகிறதா? விடிகாலை மோட்டார் போடும் நேரமா என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மோட்டார் லைனும் அலாரம் ஒயரும் ஒரே பைப்பில் போயிருந்தது. தனிப் பைப்பில் பிரித்ததும் நின்றது. சிம் போட்ட பேனல் போன் பண்ணவில்லை என்றால் எதையும் கழற்றும் முன் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதா பாருங்கள், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் தொலைத்தேன்.

எல்லாம் மாட்டியபின் ஒவ்வொரு கதவையும் ஒருமுறை திறந்து கத்துகிறதா பாருங்கள். கரன்டை அணைத்துவிட்டு இன்னொரு முறை. புதுப் பேட்டரி போட்டிருந்தால் அதன் மேலேயே மார்க்கரில் தேதியை எழுதிவிடுங்கள்.