பிரேடியா, ரைஸா, ஜிம் பிரவுனா? வாதத்தில் இறங்கும் முன்

அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், இதுவரை ஆடியவர்களிலேயே பெரிய ஆள் யார் என்ற பேச்சு வந்தே தீரும், யாராவது ஒருவர் "பிரேடிக்கு ஏழு சூப்பர் பௌல், அவ்வளவுதான்" என்று முடித்து வைக்கப் பார்ப்பார். (டாம் பிரேடி பந்தை எறிகிற ஆள்; சூப்பர் பௌல் என்பது என்.எஃப்.எல் லீகின் வருடாந்தர இறுதி ஆட்டம்.) அங்கேயே விட்டுவிடாதீர்கள்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தீர்த்துக்கொள்ளுங்கள். அதிகம் ஜெயித்தவரைத் தேடுகிறோமா, தன் வேலையில் மற்றவர்கள் கிட்டவே வர முடியாதபடி ஆடியவரையா? இதைப் பேசி வைக்காமல் தொடங்கினால் விடிய விடியப் பேசினாலும் ஆளுக்கொரு பக்கம்தான் நிற்பீர்கள்.

கோப்பைக் கணக்கு வந்தால் 2015 பிப்ரவரி சூப்பர் பௌலை எடுங்கள். பிரேடியின் நியூ இங்கிலாந்து அணி 28-24 முன்னிலை, கடைசி அரை நிமிடம், சியாட்டில் அணி புள்ளி எடுக்கும் எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தள்ளிப் பந்தோடு நிற்கிறது. ரஸ்ஸல் வில்சன் எறிந்த பந்தைக் குறுக்கே பாய்ந்து பறித்தவர் மால்கம் பட்லர், புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத புதுப் பையன். அப்போது பிரேடி களத்திலேயே இல்லை, ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்லர் ஒரு நொடி தயங்கியிருந்தால் ஏழு ஆறாகியிருக்கும், ஆனால் பிரேடி அன்று ஆடிய ஆட்டம் அதேதான். இதனால் அவர் சின்னவராகிவிட மாட்டார். 2000 டிராஃப்டில் 199-வது ஆளாக எடுக்கப்பட்டு, 2017-ல் அட்லாண்டாவிடம் 28-3 என்று கிடந்த ஆட்டத்தை 34-28 என்று மீட்டவர். ஆனால் கோப்பை பதினோரு பேருடையது, இன்னும் சொன்னால் அதற்கும் மேல்.

அப்புறம் காலம். 1960 வரை ஒரு சீசனுக்கு 12 ஆட்டம், பிறகு 14, 16, இப்போது 17. 1978-ல் வேறு விதி மாறியது: ஐந்து யார்டு தாண்டிவிட்டால் பந்து பிடிக்க ஓடுகிறவரை இடிக்கக்கூடாது. அதற்குப் பிறகு எறிகிறவர்களின் யார்டு எகிறத்தானே செய்யும்! அதனால் வெவ்வேறு காலத்து மொத்த எண்களை அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள், அவரவர் காலத்து இரண்டாம் ஆளோடு வைத்துப் பாருங்கள்.

பந்து பிடிக்க ஓடுகிறவர்களில் ஜெர்ரி ரைஸ் மொத்தமாகப் பிடித்து எடுத்தது 22,895 யார்டு, அடுத்து நிற்கும், அவருக்குப் பிந்திய காலத்து லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட்கூட 17,492தான். ரைஸ் 20 சீசன் ஆடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் நியாயம். தடுப்பாட்டக்காரர்களையும் மறக்க வேண்டாம்: லாரன்ஸ் டெய்லர் 1986-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கினார், தடுப்பில் ஆடி அதை வாங்கியவர் அவருக்கு முன் ஆலன் பேஜ் மட்டும்தான்.

என் ஓட்டு ஜிம் பிரவுனுக்கு. பந்தோடு ஓடுகிற ஆள் அவர். ஒன்பது சீசன், அதில் எட்டில் ஓடிய யார்டில் முதலிடம், ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. 1958-ல் 12 ஆட்டத்தில் 1,527 யார்டு ஓடினார். இரண்டாவதாக வந்த ஆலன் அமீச்சி 791. கிட்டத்தட்ட பாதி! அந்தக் காலத்துத் தடுப்பாட்டக்காரர்கள் உடம்பில் சின்னவர்கள் என்று எதிரே இருப்பவர் சொல்வார், கட்டாயம் சொல்வார். சரி, அமீச்சி ஓடியதும் அதே ஆட்களுக்கு நடுவில்தானே என்று கேளுங்கள்.