ஆர்லாண்டோவா, டோக்கியோவா, பாரிஸா? தீம் பார்க் ரிசார்ட் செலவை ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது எப்படி

டோக்கியோ டிஸ்னிலேண்டின் ஒருநாள் டிக்கெட்டை ரூபாயில் மாற்றி, ஆர்லாண்டோ டிக்கெட்டுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். டோக்கியோ பாதிக்கும் குறைவாகத் தெரியும். இதை மட்டும் நம்பி விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஒரு விலையில் வரி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஓரிடத்தில் அறை வாடகைக்குள்ளேயே நுழைவுச்சீட்டு அடங்கியிருக்கும், இன்னோரிடத்தில் கார் நிறுத்தவே தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அளவு: ஒரு பூங்கா நாளுக்கு மொத்தக் குடும்பத்துக்கும் ஆகும் செலவு.

இதற்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் பட்ஜெட் கால்குலேட்டர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று அவற்றில் தெரியாது. கூகுள் ஷீட்ஸில் ரிசார்ட்டுக்கு ஒரு வரிசை, செலவுக்கு ஒரு நெடுவரிசை. கடைசியில் ‘விலை எடுத்த தேதி’ என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது அதன் அருமை புரியும்.

படி 1: எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்

ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பூங்காக்கள். கலிஃபோர்னியாவின் அனஹைம், டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் இரண்டிரண்டு டிஸ்னி பூங்காக்கள். ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் ஒவ்வொன்று. ஒரு பூங்காவுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் ஃபுளோரிடாவுக்கு 4 பூங்கா நாள், ஹாங்காங்குக்கு 1. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ஹாங்காங்தான் எப்போதும் மலிவாகத் தெரியும். அதனால் மொத்தம் ஒரு கட்டத்தில், நாள் கணக்கு இன்னொரு கட்டத்தில் என இரண்டும் இருக்கட்டும்.

படி 2: பிள்ளைகளின் வயதை முதலில் எழுதுங்கள்

அப்பா, அம்மா, 11 வயது, 5 வயது என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் இரண்டு ரிசார்ட்டிலும் குழந்தை டிக்கெட் 3 முதல் 9 வயது வரைதான். 10 ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். பாரிஸிலும் ஹாங்காங்கிலும் 3 முதல் 11 வரை குழந்தை. டோக்கியோவில் 4 முதல் 11 வரை குழந்தை, 12 முதல் 17 வரை ஜூனியர் என்று நடுவில் ஒரு கட்டணம், 3 வயது வரை இலவசம்.

ஆகவே இதே குடும்பம் அமெரிக்காவில் ‘மூன்று பெரியவர், ஒரு குழந்தை’. டோக்கியோவில் ‘இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை’. கணக்கில் எடுக்க வேண்டியது பயணம் செய்யும்போது பிள்ளைக்கு இருக்கப்போகும் வயது. டிசம்பரில் 12 முடிகிற பிள்ளையை நவம்பரில் டோக்கியோவுக்குக் கூட்டிப்போவதும் ஜனவரியில் கூட்டிப்போவதும் வேறு வேறு விலை.

படி 3: டிக்கெட் விலையைத் தேதியோடு எடுங்கள்

நான் சொல்லும் எல்லா ரிசார்ட்டிலும் இப்போது தேதிக்குத் தேதி விலை மாறுகிறது. டோக்கியோவில் 2023 அக்டோபரில் வந்த அட்டவணைப்படி பெரியவருக்கு 7,900 யென் முதல் 10,900 யென் வரை, குழந்தைக்கு 4,700 முதல் 5,600 வரை. நம் குடும்பத்துக்கு மலிவான நாளில் 25,200 யென், விலை கூடிய நாளில் 33,000 யென். தேதியைத் தள்ளிப்போட்டாலே 7,800 யென் மிஞ்சும்.

டோக்கியோ டிக்கெட் விற்பனை சுமார் இரண்டு மாதம் முன்புதான் திறக்கும். எட்டு மாதம் கழித்துப் போகிறவர்கள் கூடிய விலையையே போட்டு வையுங்கள். பிறகு குறைந்தால் லாபம்.

ஃபுளோரிடாவில் திரையில் தெரிவது வரிக்கு முந்தைய விலை. 119 டாலர் என்று இருந்தால் 6.5 சதவீத விற்பனை வரியோடு அது 126.74 டாலர். கலிஃபோர்னியாவில் நுழைவுச்சீட்டுக்கு விற்பனை வரி இல்லை, டோக்கியோ விலையில் நுகர்வு வரி ஏற்கெனவே அடக்கம். ஃபுளோரிடாவில் இன்னொன்றும் கவனியுங்கள்: நாள் கூடக் கூட ஒருநாள் விலை இறங்கும். எனவே ஒருநாள் டிக்கெட்டை நான்கால் பெருக்கக் கூடாது, நான்குநாள் டிக்கெட்டின் விலையையே எடுக்க வேண்டும். அதை 7 நாளுக்குள் பயன்படுத்தலாம் என்பதால் நடுவில் ஓய்வு நாளும் வைக்கலாம்.

படி 4: அறை வாடகைக்குள் என்னென்ன இருக்கிறது?

கணக்கு பெரும்பாலும் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டிஸ்னிலேண்ட் பாரிஸின் தளத்தில் அவர்களது ஹோட்டலைத் தேடினால் வரும் தொகை வெறும் அறை வாடகை அல்ல. அறையில் தங்கும் எல்லோருக்கும் பூங்கா டிக்கெட்டும் அதில் சேர்ந்திருக்கும். வந்து சேரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும்கூட டிக்கெட் உண்டு. இரண்டு இரவு என்றால் மூன்று நாள் டிக்கெட். இந்தத் தொகையை அப்படியே ‘ஹோட்டல்’ நெடுவரிசையில் போட்டு, டிக்கெட் நெடுவரிசையிலும் தனியாக ஒரு தொகை போட்டால், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை காசு கட்டிய கணக்காகிவிடும். பாரிஸ் கொள்ளை விலை என்று தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரித்து எழுதுவது இப்படி (எண்கள் கணக்குக்காக வைத்தவை). நான்கு பேருக்கு இரண்டு இரவுத் தொகுப்பு 1,320 யூரோ. அதே தளத்தில் மூன்றுநாள் டிக்கெட் தனியாக நான்கு பேருக்கும் சேர்த்து 900 யூரோ. அப்படியானால் அறைக்கு 420, ஒரு இரவுக்கு 210. பூங்கா வாசலில் இருக்கும் செஸ்ஸி ரயில் நிலையத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் இருக்கும் வால் த’யூரோப்பில் ஒரு ஹோட்டல் 150 யூரோவுக்குக் கிடைத்தால், பூங்கா வாசலிலேயே தங்க இரவுக்கு 60 யூரோதான் கூடுதல்.

இப்போது விமானம் மாலை ஏழு மணிக்குத்தான் பாரிஸில் இறங்குகிறது என்று வையுங்கள். முதல்நாள் டிக்கெட் வீண். உங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது இரண்டுநாள் டிக்கெட்தான், அது 640 யூரோ என்றால் அறைக்கு 680 ஆகிவிட்டது. இரவுக்கு 340. அதே தொகுப்பு, அதே ஹோட்டல், விமான நேரத்தால் மட்டும் இவ்வளவு வித்தியாசம். அதனால் ஹோட்டல் நெடுவரிசையை நிரப்பும் முன் விமான நேரத்தைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு கணக்கு யூனிவர்சல் ஆர்லாண்டோவில். போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கினால் அறையில் உள்ள எல்லோருக்கும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் பாஸ் (ரைடுகளில் நீண்ட க்யூவைத் தாண்டிப் போகும் பாஸ்) வாடகையோடு வரும். வரும் நாள், போகும் நாள் இரண்டுக்கும் செல்லும். ஒரே ஓர் இரவு தங்கினால் நான்கு பேருக்கு இரண்டு நாள் பாஸ். தனியாக வாங்கினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 டாலர் என்று வைத்தால்கூட எட்டு பாஸுக்கு 1,200 டாலர். அறை 500 டாலர் என்று பார்த்து மிரள வேண்டியதில்லை. நுழைவு டிக்கெட் மட்டும் தனி. 2025 மே மாதம் திறந்த யூனிவர்சலின் எபிக் யூனிவர்ஸ் பூங்காவில் இந்தப் பாஸ் செல்லாது. கபானா பே போன்ற மலிவு ஹோட்டல்களிலும் இந்தச் சலுகை கிடையாது.

வரிகளையும் இந்த நெடுவரிசையிலேயே சேர்த்துவிடுங்கள். ஆர்லாண்டோ பூங்காக்கள் இருக்கும் ஆரஞ்ச் கவுண்டியில் அறைக்கு 12.5 சதவீதம், அனஹைமில் அறை வரியும் சுற்றுலா மாவட்டக் கட்டணமும் சேர்த்து 17 சதவீதம். ஹாங்காங்கில் 10 சதவீத சேவைக் கட்டணத்தோடு, 2025 ஜனவரி முதல் 3 சதவீத விடுதி வரியும் உண்டு.

படி 5: போக்குவரத்து

அனஹைமில் ஹார்பர் பவுல்வார்டு ஓரத்து ஹோட்டலில் தங்கினால் நடந்தே போகலாம், செலவு பூஜ்யம். ஹாங்காங்கில் சன்னி பேயில் ரயில் மாறினால் பூங்கா வாசல். ஆர்லாண்டோவில் வெளியே தங்கினால் கார் வாடகையோடு பார்க்கிங்குக்கும் நாளொன்றுக்கு 30 டாலருக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குவோருக்கு அந்தப் பார்க்கிங் இலவசம், பூங்காக்களுக்குப் பேருந்தும் இலவசம்.

படி 6: க்யூ தாண்டும் கட்டணம்

இதைப் பலரும் பட்ஜெட்டில் விட்டுவிடுகிறார்கள். டோக்கியோவின் பிரீமியர் ஆக்சஸ் ஒரு ரைடுக்கு ஆளுக்கு 1,500 முதல் 2,500 யென். 2,000 யென் வீதம் இரண்டு ரைடு, நான்கு பேர்: 16,000 யென். மலிவான நாளின் நுழைவுச்சீட்டு 25,200 தானே? அதில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது. ஃபுளோரிடாவின் லைட்னிங் லேன் மல்டி பாஸும் தேதிக்கும் பூங்காவுக்கும் ஏற்ப மாறும். டிஸ்னி ஹோட்டலில் தங்குவோர் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் எடுக்கலாம். எல்லா வரிசையிலும் ‘நாளுக்கு இரண்டு பெரிய ரைடு’ என்று ஒரே அளவில் போடுங்கள். கூட்டமில்லாத செவ்வாய், புதன்கிழமைகளில் போகிறவர்கள் எல்லா ரிசார்ட்டுக்கும் பூஜ்யம் போடலாம்.

படி 7: சாப்பாடு, விசா, நாணயம்

ஃபுளோரிடாவிலும் அனஹைமிலும் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளிசாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டால் மதியச் செலவு பாதி குறையும். டோக்கியோ பூங்காக்களுக்குள் வெளி உணவுக்கு அனுமதியில்லை. ஜப்பானியக் குழம்புகளில் மீன் சாறு கலப்பது சாதாரணம் என்பதால் சைவக்காரர்களுக்குத் தெரிவும் குறைவு, அங்கே சாப்பாட்டுக்குக் கூடுதலாகவே ஒதுக்குங்கள்.

விசாவில் நம் நான்கு பேருக்கு: அமெரிக்காவுக்கு வயது வித்தியாசம் இல்லாமல் ஆளுக்கு 185 டாலர், மொத்தம் 740. பாரிஸுக்கான ஷெங்கன் விசா பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, ஆறுக்குக் கீழ் இல்லை. மொத்தம் 225 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஹாங்காங்கில் 14 நாள் வரை தங்க, விசாவுக்குப் பதிலாக ‘வருகைக்கு முந்தைய பதிவு’ (pre-arrival registration) மட்டும் செய்தால் போதும், அது இலவசம்.

நாணய மாற்று விகிதத்தைத் தானாகப் புதுப்பிக்கும்படி வைக்காதீர்கள். ஒரு தேதியின் விகிதத்தைக் கையால் போட்டு, எல்லா வரிசைக்கும் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நேற்று பார்த்த மொத்தமும் இன்று பார்க்கும் மொத்தமும் ஒத்துப்போகாது. அதன் மேல் 4.13 சதவீதம் ஏற்றுங்கள்: அட்டையின் 3.5 சதவீத மார்க்அப் (வெளிநாட்டு நாணயச் செலவுக்கு வங்கி எடுக்கும் கூடுதல் கட்டணம்), அந்த மார்க்அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. உங்கள் அட்டையின் மார்க்அப் வேறாக இருந்தால் அதைப் போடுங்கள். வெளிநாட்டில் கடைக்காரர் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் நாணயத்திலேயே கட்டுங்கள்.

விமானத்தையும் விசாவையும் தனியாகக் கூட்டுங்கள். மீதியைக் கூட்டி, பூங்கா நாட்களால் வகுத்தால் நாம் தேடிய எண் கிடைக்கும். பாரிஸுக்கு எப்படியும் போகிறவருக்கு விமானச் செலவு பூங்காவின் கணக்கில் வராது. பூங்காவுக்காகவே போகிறவருக்கு முழுவதும் வரும்.

பிற்சேர்க்கை: ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஹோட்டலுக்கு இலவசப் பேருந்து உண்டே என்று சிலர் கேட்கிறார்கள். அது 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது, பழைய பதிவுகளில்தான் இன்னும் இருக்கிறது. போகவர இரண்டு பயணத்துக்கும் காசு ஒதுக்குங்கள்.

இன்னொன்று: அமெரிக்க ஹோட்டல்கள் வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்கும் ‘ரிசார்ட் கட்டணத்தை’த் தனி நெடுவரிசையில் போட்டிருந்தால் மறுபடி பாருங்கள். 2025 மே 12 முதல் அமலான விதியின்படி, கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும். பழைய பழக்கத்தில் இன்னொரு 40 டாலரைக் கூட்டினால் இரட்டிப்பாகும். வரி மட்டும் இன்னமும் பிறகு சேரலாம், ஹோட்டலின் கார் பார்க்கிங்கும் அப்படித்தான். அந்த இரண்டுக்கும் கட்டம் இருக்கட்டும்.